பத்து சென்டுக்கு என்ன கிடைத்தது? அம்பாய் தெரு 46-இன் நோட்டீஸும் சேவையும்

ஒரே ஒரு தாள். மேலே ஆங்கிலம், நடுவில் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), கீழே இத்தாலியம். மூன்றிலும் ஒரே சேதி. 1916 அக்டோபரில் நியூயார்க்கின் புரூக்ளினில், பிரவுன்ஸ்வில் என்ற ஏழைக் குடியிருப்பில் வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸ் இது. ஏறத்தாழ 5,000 பிரதிகள் அச்சாயின. அமெரிக்காவின் முதல் கருத்தடை ஆலோசனை நிலையத்துக்கு, கருத்தடை இயக்கத்தின் முன்னோடியான மார்கரெட் சாங்கர் கொடுத்த விளம்பரம். நிலையம் அக்டோபர் 16 அன்று திறந்தது. 26 அன்று போலீஸ் வந்து பூட்டியது. அந்தச் சில நாட்களுக்குள் 450-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து போயிருந்தார்கள்.

இந்த நோட்டீஸையும் அது வாக்களித்த சேவையையும் ஒன்றாக வைத்து எடைபோடுவதே இந்த விமர்சனம். நோட்டீஸ் நன்றாக இருந்து சேவை சொதப்பினால் அது வெறும் விளம்பரம். சேவை நன்றாக இருந்து நோட்டீஸ் சொதப்பினால் யாரும் வரமாட்டார்கள். இங்கே இரண்டும் பெருமளவு பொருந்தின. பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வாசகம். தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்:

தாய்மார்களே!
பெரிய குடும்பம் உங்களுக்குக் கட்டுபடியாகுமா?
இன்னும் பிள்ளைகள் வேண்டுமா?
வேண்டாம் என்றால் ஏன் பெற்றுக்கொள்கிறீர்கள்?
கொல்லாதீர்கள், உயிரை எடுக்காதீர்கள், வருமுன் தடுத்துவிடுங்கள்.
பாதுகாப்பான, தீங்கற்ற தகவலைப் பயிற்சி பெற்ற நர்சுகளிடம் பெறலாம்.
46, அம்பாய் தெரு, பிட்கின் அவென்யூ அருகில், புரூக்ளின்.
தோழிகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள். எல்லாத் தாய்மார்களும் வரலாம்.
பத்து சென்ட் பதிவுக் கட்டணம் செலுத்தும் எந்தத் தாய்க்கும் இந்தத் தகவல் கிடைக்கும்.

அவ்வளவுதான். முதலில் கவனிக்க வேண்டியது, இதில் இல்லாத ஒன்று. "பிறப்புக் கட்டுப்பாடு" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்றொடரை 1914-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததே சாங்கரும் அவருடைய கூட்டாளிகளும்தான். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அதைத்தான் முழங்கினார்கள். ஆனால் தாய்மார்களுக்கென்று எழுதும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டார். இயக்கத்தின் பெயர் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்குப் பயன்படும். ஐந்தாவது பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருப்பவளுக்கு அது வேற்று மொழி. கட்டுபடியாகுமா, வேண்டுமா என்ற கேள்விகளோ அவள் ஏற்கெனவே தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பவை. மூன்று கேள்விகளுக்கும் பதிலை நோட்டீஸ் சொல்லவில்லை, அவளிடமே விட்டுவிட்டது. அந்தக் காலத்துப் பிரசுரங்களில் பெரும்பாலானவை, மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி எழுதிய ஆங்கில அறிஞர் மால்தஸில் தொடங்கி, மக்கள்தொகைக் கணக்கில் நுழைந்து, பத்துப் பக்கம் தாண்டித்தான் பெண்ணிடம் வந்து சேரும். இது முதல் சொல்லிலேயே அவளிடம் வந்துவிடுகிறது.

கேள்விகளின் வரிசையும் யோசித்து வைத்த வரிசை. முதல் கேள்வி காசு. பக்கத்து வீட்டுக்காரர் முன்னாலும் வெட்கமில்லாமல் பதில் சொல்லக்கூடியது. இரண்டாவது விருப்பம். மூன்றாவதுதான் படுக்கையறையைத் தொடுகிறது. கதவைத் தட்டி, திண்ணையில் உட்கார்ந்து, பிறகு உள்ளே போவதுபோல.

மூன்றாவது கேள்வி மட்டும் நம் மதிப்பீட்டில் மதிப்பெண் இழக்கிறது. "வேண்டாம் என்றால் ஏன் பெற்றுக்கொள்கிறீர்கள்?" என்பது, தடுக்கும் வழி தெரியாத, தெரிந்தாலும் கணவன் ஒத்துழைக்காத பெண்ணிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. பொறுப்பு முழுவதும் அவள் தலையில் விழுகிறது. ஆண்களைப் பார்த்து இந்தத் தாளில் ஒரு சொல்கூடக் கிடையாது. இத்தனைக்கும் ஆணுறை அன்று புதிதல்ல. சாங்கரே 1914-இல் வெளியிட்ட 16 பக்கக் கையேட்டில் அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்.

அடுத்து வரும் வரிதான் தாளின் முதுகெலும்பு: கொல்லாதீர்கள், வருமுன் தடுத்துவிடுங்கள். இன்று படித்தால் சாதாரணமாகத் தெரியும். அன்று சட்டமே இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது. 1873-இன் காம்ஸ்டாக் சட்டம், கருத்தரிப்பைத் தடுக்கும் பொருளையும் கருக்கலைப்புக்கான பொருளையும் ஆபாசப் படங்களோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி அஞ்சலில் அனுப்பத் தடை விதித்திருந்தது. நோட்டீஸ் அந்த மூட்டையை அவிழ்க்கிறது. கருத்தடை என்பது கருக்கலைப்புக்கு மாற்று, அதன் தங்கையல்ல என்று ஒரே வரியில் பிரித்து வைக்கிறது. பாதிரியாருக்கும் நீதிபதிக்கும் தாய்க்கும் ஒரே வரியில் பதில்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து டாலர் வாங்கிக் கருக்கலைக்கிறவர்களின் வாசலில், தலையில் சால்வை போர்த்திய பெண்கள் ஐம்பது, நூறு பேராகக் காத்திருந்ததாக சாங்கரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களைப் போன்றவர்கள்தான் பிரவுன்ஸ்விலிலும் இந்த நோட்டீஸை வாங்கிப் படித்தார்கள். அவர்களைப் பார்த்துக் "கொல்லாதீர்கள்" என்பது கடுமையான சொல். வேறு வழியில்லாமல் செய்தவளைக் கொலைகாரியாக்கித்தான் இந்த வாதம் நிற்கிறது. வாதமாக வலுவானது; ஆலோசனை நிலையத்தின் வரவேற்பு வாசகமாகக் கூடாதது.

இனி விலை. பத்து சென்ட். 1916-இல் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருமுறை போக ஐந்து சென்ட். ஆக, போய்வரும் ரயில் காசுதான் கட்டணம். கருக்கலைப்புக்கு ஐந்து டாலர் என்றால் அது ஐம்பது மடங்கு. முழு இலவசமாகவும் வைக்கவில்லை. இலவசம் என்றால் தருமக் கூடம் என்ற எண்ணம் வரும். ஒரு சிறு தொகை கொடுத்தால் "பதிவுக் கட்டணம்" கட்டிய வாடிக்கையாளராக நிமிர்ந்து கேள்வி கேட்கலாம். குறைந்த விலையே ஒரு வாதம் என்பதை எதிரிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1877-இல் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் மருத்துவர் சார்லஸ் நோல்ட்டனின் பழைய கருத்தடை நூலை மறுபதிப்புச் செய்து வழக்கில் சிக்கியபோது, அது ஆறு பென்ஸுக்கு யார் கையிலும் கிடைக்கிறது என்பதை அரசுத் தரப்பு பெரிய குற்றமாக வைத்தது. பத்து ஆண்டு கழித்து 1887-இல் மருத்துவர் ஹென்றி ஆல்பட்டின் பெயரை இங்கிலாந்து மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கியபோதும், அவர் எழுதிய கைந்நூல் "இவ்வளவு குறைந்த விலைக்கு" விற்கப்பட்டது என்பதைக் காரணத்தில் சேர்த்தார்கள். அதுவும் ஆறு பென்ஸ்தான். பணக்காரர்கள் தங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் ஏழையின் கைக்குப் போகக்கூடாது என்பதே சாரம்.

"பயிற்சி பெற்ற நர்சுகள்" என்பது எவ்வளவு உண்மை? பாதிக்கு மேல். சாங்கரின் தங்கை எத்தல் பைர்ன் முறையாகப் படித்துத் தேறிய நர்ஸ். சாங்கர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். ஆனால் படிப்பு முடியுமுன் 1902-இல் திருமணம் செய்துகொண்டவர். மூன்றாவது ஆள் ஃபானியா மிண்டெல், இத்திஷ் தெரிந்த உதவியாளர். மருத்துவர் யாரும் இல்லை. தேடியும் துணிந்து வர ஒருவரும் கிடைக்கவில்லை.

சேவை எப்படி நடந்தது? மாதம் 50 டாலர் வாடகையில் தெருவைப் பார்த்த இரண்டு அறைகள். வீட்டுக்காரர் உற்சாகமாகத் தானே சுத்தம் செய்து, ஆஸ்பத்திரி மாதிரி தெரிய வேண்டும் என்று கூடுதல் வேலையும் பார்த்துக் கொடுத்தார். பெண்கள் தள்ளுவண்டியில் குழந்தையோடு வரிசையில் நின்றார்கள். உள்ளே போனதும் பெயர், பிள்ளைகள் எத்தனை, கணவனின் வேலை முதலிய விவரங்களைப் பதிந்துகொண்டு, ஏழெட்டுப் பேராகச் சேர்த்து உட்காரவைத்து விளக்கினார்கள். ரப்பர் மூடியைக் கையில் காட்டி, கருப்பை வாயை எப்படி மூடுகிறது, எப்படி வைப்பது, எடுப்பது என்று சொன்னார்கள். அந்த மூடி மருந்துக் கடையில் "கருப்பைத் தாங்கி" என்ற பெயரில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. சட்டத்துக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பயன்.

வந்த பெண்களின் கையில் கிடைத்தது தகவல். உடலில் பொருத்திக் காட்டவில்லை. தொழில்நுட்ப ரீதியாக இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். மூடி என்பது செருப்பு மாதிரி, அளவு முக்கியம். சிறியதாக இருந்தால் நகரும். பெரியதாக இருந்தால் வலிக்கும், விளிம்பு மடியும், பக்கவாட்டில் இடைவெளி விழும். நான்கைந்து பிரசவம் ஆனவளின் இடுப்புத் தசையும் கருப்பை வாயும் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய நிலையில் இருக்காது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும், உடல் எடை வெகுவாக ஏறி இறங்கினாலும், அளவை மறுபடி பார்க்க வேண்டும். ஒருவர் விரலால் சோதித்து அளவு சொல்லி, அவளையே வைத்துப் பார்க்கச் சொல்லி, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பரிசோதித்து அனுப்பினால்தான் அந்தச் சாதனம் அதன் முழுப் பலனைத் தரும். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பார்த்தால் எப்படி வைப்பது என்பது புரியும். தனக்குச் சரியாக இருக்கிறதா என்பது தெரியாது.

இன்னும் சில சிக்கல்கள். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. வாஸ்லினோ கொக்கோ வெண்ணெயோ பட்டால் ரப்பர் இளகி நைந்து, கண்ணுக்குத் தெரியாத துளை விழும். ஆனால் உள்ளே வைத்தால் கரையும் அன்றைய கருத்தடைக் குளிகைகளில் பெரும்பாலும் அடிப்பொருளே கொக்கோ வெண்ணெய், அதில் குவினைன். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொன்ன கையேடுகள் தெரியாமலேயே ஒன்றால் இன்னொன்றைக் கெடுத்தன. மூடியில் தண்ணீர் நிரப்பியோ வெளிச்சத்தில் பிடித்தோ துளை பார்ப்பது எளிய சோதனை. எடுப்பதிலும் கணக்கு உண்டு: உடலுறவுக்குப் பின் குறைந்தது ஆறு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்துக் கழுவினால் பலன் போய்விடும்.

"தீங்கற்ற" என்ற சொல்லுக்கு வருவோம். மூடிக்கு அது பொருந்தும். சாங்கரின் 1914-ஆம் ஆண்டுக் கையேட்டைச் சேர்த்துப் பார்த்தால் பொருந்தாது. உறவுக்குப் பின் பீச்சுக்குழாயால் கழுவும் முறைக்கு அது நிறைய இடம் கொடுத்தது. கழுவும் நீரில் கலக்கச் சொன்ன பொருள்களில் லைசால் என்ற கிருமிநாசினியும் ஒன்று. அன்றைய லைசாலில் இருந்தது கிரெசால். அளவு சற்றுக் கூடினாலும் மென்மையான சவ்வு வெந்துபோகும், உடலுக்குள் உறிஞ்சப்பட்டால் நஞ்சு. போதாததற்குக் கழுவுவது பயனும் தராது. விந்தணுக்கள் சில நிமிடங்களுக்குள் கருப்பை வாய்க்குள் நுழைந்துவிடும். பெண் எழுந்து போய்த் தண்ணீர் சுடவைத்து வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதே லைசாலைப் பின்னாளில் கம்பெனி விளம்பரங்கள் "பெண் சுகாதாரம்" என்ற பெயரில் அமெரிக்கப் பெண்கள் தலையில் கட்டின. கருத்தடை என்று வெளிப்படையாகச் சொல்லச் சட்டம் விடாததால் சாடையாகச் சொன்னார்கள். சாடையாகச் சொன்னதை யாரும் சோதித்துப் பார்க்க முடியவில்லை. தடைச்சட்டம் செய்த கேடுகளில் இது அதிகம் பேசப்படாத ஒன்று.

மதிப்பெண் போட்டால், வாசகத்துக்கு ஐந்தில் நாலரை, சேவைக்கு ஐந்தில் மூன்று. நோட்டீஸ் கொடுத்த வாக்கில் முகவரி, விலை, வரவேற்பு, மொழி நான்கும் சுத்தம். "பாதுகாப்பான" முக்கால் பங்கு. "தீங்கற்ற" அரைப் பங்கு.

சட்டப் பக்கம் ஒரு நுட்பம் இருக்கிறது; அதைத் தெரிந்துகொண்டு படித்தால் நோட்டீஸ் வேறு மாதிரி தெரியும். நியூயார்க் தண்டனைச் சட்டத்தின் 1142-ஆம் பிரிவு, கருத்தடைச் சாதனத்தை விற்பதை மட்டும் தடுக்கவில்லை. அதை எப்போது, எங்கே, எப்படி, யாரிடம் பெறலாம் என்று எழுதுவதையும் அச்சிடுவதையும் வாயால் சொல்வதையும்கூடத் தடுத்தது. நோட்டீஸ் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மீறுவதுபோல் இருக்கிறது: எங்கே, 46 அம்பாய் தெரு, யாரிடம், நர்சுகளிடம். கூடவே எவ்வளவு என்பதும். போதாதென்று, இந்த முகவரியில் இந்தத் தகவல் தரப்போகிறோம் என்று புரூக்ளின் மாவட்ட வழக்கறிஞருக்கு சாங்கர் முன்கூட்டியே கடிதமும் போட்டார். ஆகவே இதற்கு வாசகர்கள் இரு வகை. தாய்மார்கள் ஒன்று, நீதிமன்றம் இன்னொன்று. இரண்டு பேருக்கும் ஒரே தாளில் எழுதி, தாய்க்கு அந்த இரண்டாவது வாசகர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டது அபாரமான கைத்திறன்.

நீதிமன்றமும் படித்தது. மாறுவேடத்தில் வந்த ஒரு பெண் போலீஸ், பத்து சென்ட் பிரசுரத்துக்கு இரண்டு டாலர் நீட்டினார். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த முகம், தேவைக்கு மேல் காசு. அப்போதே அடையாளம் தெரிந்துவிட்டதாக சாங்கர் எழுதுகிறார். நிலையத்தை மூடிய போலீஸ், பெண்களின் விவரப் பதிவுகளையும் அள்ளிக்கொண்டு போனது. ஜாமீனில் வந்து நவம்பரில் மறுபடி திறந்தார்கள். பொதுத்தொல்லை என்று சொல்லி மறுபடி மூடினார்கள். 1917 ஜனவரியில் எத்தல் பைர்னுக்கு 30 நாள் சிறை. உள்ளே உண்ணாவிரதம் இருந்தார். குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். கடைசியில் ஆளுநர் மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். சாங்கருக்கும் 30 நாள். மிண்டெலுக்கு 50 டாலர் அபராதம். அது மேல்முறையீட்டில் ரத்தானது.

1918 ஜனவரி 8 அன்று மேல்முறையீட்டில் நீதிபதி கிரேன் எழுதிய தீர்ப்பு, சாங்கரின் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் மருத்துவர்கள் நோயைக் குணப்படுத்தவோ தடுக்கவோ தரும் பொருள் குற்றமில்லை என்ற 1145-ஆம் பிரிவை அகலமாக விரித்தது. அதுவரை அந்த விலக்கு பால்வினை நோய்க்கு மட்டும் என்றே எண்ணியிருந்தார்கள். கிரேன் அகராதியைப் புரட்டி "நோய்" என்ற சொல்லுக்குப் பரந்த பொருள் கொடுத்தார். கதவு திறந்தது, ஆனால் டாக்டருக்கு மட்டும். பிரவுன்ஸ்வில் பெண்களுக்கு நம்பிக்கை கொடுத்தது "நர்சுகள்" என்ற சொல். வழக்கில் தோற்றதும் அதே சொல்லால்தான். 1923-இல் சாங்கர் மறுபடி நிலையம் தொடங்கியபோது பெண் மருத்துவரை வைத்துத் தொடங்கினார். அங்கே ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து அளவு பார்த்துப் பொருத்தினார்கள், விந்துக்கொல்லிக் களிம்பும் சேர்ந்தது. சேவை மேம்பட்டது. நர்ஸ் தெருமுனையில் பத்து சென்டுக்குச் சொல்லித்தரும் எளிமை போய்விட்டது.

இதே வேலையைச் செய்த மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் இந்த நோட்டீஸின் தனித்தன்மை விளங்கும். அன்னி பெசன்ட் 1877-இல், வழக்கு முடிந்த கையோடு, தாமே ஒரு ஆறு பென்ஸ் நூல் எழுதினார். மக்கள்தொகை விதி பற்றியது. நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே வாதாடி, தாம் பேசுவது ஏழைகளின் வழக்கறிஞராக என்று சொன்னவர் அவர். நூலையும் நகரத்து, கிராமத்து ஏழைகளுக்கே சமர்ப்பித்தார். வழக்கால் நோல்ட்டனின் நூல் விற்பனை ஆண்டுக்குச் சில நூறிலிருந்து மூன்று மாதத்தில் 1,25,000 பிரதிகளைத் தொட்டது. பெசன்டின் நூலும் 1891-க்குள் 1,75,000 விற்றது. ஆனால் ஏழைகளுக்காகப் பேசுவதும் ஏழையிடம் பேசுவதும் வேறு. பெசன்டின் வாதம் மால்தஸ், கூலி, பட்டினி, மரண விகிதம் என்று மேலிருந்து இறங்கி வருகிறது. செய்முறை நடுவில்தான் தலைகாட்டுகிறது. இதற்காக அவர் கொடுத்த விலை பெரிது: 1878-இல் மகள் மேபலை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் பறித்தது. பிறகு பிரம்மஞானத்துக்கு வந்ததும் 1891-இல் தாமே அந்த நூலை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். சென்னை அடையாற்றில் நாம் அறிந்த பெசன்ட் அம்மையார் அதற்குப் பிந்தையவர். அடையாறு ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த முந்தைய பெண்மணியைத் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் 1921 மார்ச் 17 அன்று ஹாலோவேயில் திறந்த தாய்மார் நிலையம். சேவையாக அது அம்பாய் தெருவைவிட மேல்: ஆலோசனை இலவசம், மருத்துவச்சி பரிசோதித்துப் பொருத்துவார், சிக்கலான நிலை என்றால் பெண் மருத்துவரிடம் அனுப்புவார். மொழியில்தான் அது கசக்கிறது. அவர் பரிந்துரைத்த மூடியின் வணிகப் பெயரே "இனத்துக்காக" என்று பொருள்படும். வந்த தாய்க்கு வேண்டியது ஒரு வருஷ ஓய்வு. மூடியின் டப்பாவில் எழுதியிருந்தது இனத்தின் மேன்மை.

சாங்கரும் அந்தச் சறுக்கலிலிருந்து தப்பவில்லை. 1920-களில் டாக்டர்களையும் பேராசிரியர்களையும் பணக்காரர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டிவந்தபோது, யார் பெறத் தகுதியானவர், யார் தகுதியற்றவர் என்ற இனமேம்பாட்டுப் பேச்சைத் தம் எழுத்தில் நிறையவே ஏற்றுக்கொண்டார். "நீங்கள்" என்று தொடங்கியது "அவர்கள்" என்றாகிவிட்டது. "உங்களுக்கு இன்னும் பிள்ளைகள் வேண்டுமா?" என்பதும் "அவர்கள் இன்னும் பெறலாமா?" என்பதும் கிட்டத்தட்ட அதே சொற்கள்தான். முதலாவது அம்பாய் தெருவுக்குக் கொண்டுபோகிறது. இரண்டாவது, அதே ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் நடத்திய கட்டாயக் கருத்தடை அறுவைக்கு. மேடையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சேடி சாக்ஸ் கதையையும் இங்கே நினைக்கலாம்: மறுபடி கருத்தரித்தால் உயிருக்கு ஆபத்து என்ற பெண் வழி கேட்க, கணவனை மொட்டைமாடியில் படுக்கச் சொல் என்று டாக்டர் சிரித்துவிட்டுப் போக, அவள் மூன்று மாதத்தில் இறந்துபோகிறாள். அந்தப் பெண்ணை வரலாற்றாசிரியர்களால் ஆவணங்களில் அடையாளம் காண முடியவில்லை. பலரைச் சேர்த்து ஒருத்தியாக்கியிருக்கலாம். கேட்பவர் கண் கலங்கும் கதைதான். ஆனால் அது ஏழைப் பெண்ணைப் பற்றி வசதியானவர்களிடம் சொல்லும் கதை. நோட்டீஸில் அது இல்லை என்பது அதன் கண்ணியம்.

தமிழில் இந்த வாதத்தை யார் எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் ஒரு விஷயத்தில் அம்பாய் தெருவைத் தாண்டியே போயிற்று. "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் கர்ப்பத்தடை பற்றிய கட்டுரையில் பெரியார், மற்றவர்கள் சொல்லும் காரணங்களை வரிசைப்படுத்துகிறார்: தாயின் உடல்நலம், குடும்பத்தின் பொருளாதாரம், நாட்டின் வறுமை. அவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, தம் காரணம் அடிப்படையிலேயே வேறு என்கிறார்: பெண் விடுதலை பெறவும் சுயேச்சையாக வாழவும் பிள்ளைப்பேறு தடையாக இருக்கிறது, அதனால் கர்ப்பத்தடை வேண்டும். கட்டுபடியாகுமா என்ற கேள்விகூட அதில் தேவையில்லை. பத்துப் பிள்ளையை வளர்க்க வசதி இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. சாங்கரின் நோட்டீஸ் காசில் தொடங்கி விருப்பத்துக்குப் போனது. பெரியார் விருப்பத்திலேயே தொடங்கினார். பின்னால் நம் சுவர்களில் வந்த "நாம் இருவர் நமக்கு இருவர்" எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தது. அழகான தமிழ்தான், ஆனால் அதில் கேள்விக்குறி இல்லை.

நோட்டீஸின் படம் இணையத்தில் எளிதில் கிடைக்கும். வகுப்பில் காட்டுகிறவர்கள் மூன்று மொழிப் பகுதியும் தெரியும்படி முழுத் தாளையும் காட்டுங்கள். ஆங்கிலப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் யாருக்கு எழுதியது என்பதே மறைந்துவிடும். கருத்தடை ஆலோசனைக்காக இன்று துண்டறிக்கை தயாரிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: முதல் சொல்லிலேயே படிப்பவரை அழைப்பது, அவர் மனத்தில் ஏற்கெனவே உள்ள கேள்வியைக் கேட்பது, அடையாளத்தோடு முகவரி, கட்டணம், அந்தத் தெருவில் பேசும் மொழிகள். விட்டுவிட வேண்டியவை "ஏன் பெற்றுக்கொள்கிறீர்கள்" என்பதும் "தீங்கற்ற" என்பதும். அரசு மருத்துவமனையில் போடும் அந்தாரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. போட்டபின் மாதவிலக்கு தாறுமாறாகலாம், சிலருக்கு நின்றும் போகலாம். சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாதவிலக்கு தள்ளிப் போகலாம். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாமல் "ஒன்றும் ஆகாது" என்று அனுப்பினால், முதல் மாதமே பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். அக்கம்பக்கத்தாருக்கும் அதையேதான் சொல்வார்கள். என்ன மாற்றம் வரும், எத்தனை நாள் இருக்கும், எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும், யாரிடம் வர வேண்டும் என்ற நான்கு வரிகளை முகவரிக்கு மேலே, அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.